இரண்டாக வெட்டிய லாரி

அங்கன்வாடியைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால், எங்கள் லாரி இரண்டு துண்டாகக் கிடக்கிறது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலையில் நான் கிளம்பும்போது அது முழு லாரியாகத்தான் பலா மரத்தடியில் நின்றது. துரு ஏறியிருந்தது, முன்பக்கம் நசுங்கியிருந்தது, ஆனாலும் முழுசாக இருந்தது. இப்போது என்ஜினும் முன்பாதியும் ஒரு பக்கம், பின்சக்கரங்கள் இன்னொரு பக்கம். நடுவில் என் வீட்டுக்காரர் முக்காலியில் உட்கார்ந்து, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். அவர் சிரித்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. லாரி வெட்டுப்பட்டதைவிட அந்தச் சிரிப்புதான் என்னைப் பயமுறுத்தியது.

"இன்னாங்க இது?"

"வண்டி செய்யறோம்."

"இருந்த வண்டியத்தான் வெட்டிப் போட்டுட்டீங்களே. இன்னும் இன்னாத்த செய்யப் போறீங்க?"

பக்கத்தில் வெட்டும் மெஷினைக் கையில் பிடித்தபடி பாய் நின்றார். வாணியம்பாடிப் பக்கத்துக்காரர். பழைய இரும்பு வாங்குவார், வெல்டிங்கும் தெரியும். முந்தின நாள் அவரைப் போன் போட்டு வரச் சொன்னதே நான்தான். லாரியை எடை போட்டு எடுத்துக்கொண்டு போங்கள், என் கண்ணில் படாமல் தொலையட்டும் என்று சொல்லித்தான் கூப்பிட்டேன். வந்த மனுஷன் இரும்பைப் பார்க்காமல் என் வீட்டுக்காரரோடு இரண்டு மணி நேரம் பேசினார், செல்போனில் எதையோ காட்டினார், டீ குடித்தார், நாளைக்கு வருகிறேன் என்று போய்விட்டார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை என்னுடையது.

"தங்கச்சி, கோவப்படாத. மூணு சக்கரம் வெச்சி செய்யறோம். முன்னாடி மோட்டார் சைக்கிள் ஃபோர்க்கு, பின்னாடி லாரி சக்கரம். தம்பி தானே ஓட்டிக்கினு போவும்," என்றார் பாய்.

"யாரு, இவரா?" என்றேன். கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் லுங்கியை இழுத்து வலது காலை மூடினார். கால் என்கிறேன், முட்டிக்குக் கீழே அங்கே ஒன்றும் இல்லை.

அது போனது அந்த லாரியில்தான். எங்கள் மலையிலிருந்து ஒடுகத்தூருக்குப் புளி மூட்டை ஏற்றிக்கொண்டு இறங்கும்போது வளைவில் பிரேக் பிடிக்கவில்லை. பள்ளத்தில் போகாமல் பாறைப் பக்கம் திருப்பினார். உயிர் தப்பியது, கால் கதவுக்கும் பாறைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. வேலூர் ஆஸ்பத்திரியில் கண் விழித்தவுடன், "மிதிச்சேன், புடிக்கல" என்று ஒரு தரம் சொன்னார். அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. செயற்கைக் கால் கொடுத்தார்கள். புண் ஆகிறது என்று அதை மூலையில் சாத்திவிட்டார்.

எங்கள் சாமை நிலம் மேட்டுக்கு அந்தப் பக்கம், நடந்தால் ஒரு மணி நேரம். மண் பாதை, கல்லும் முள்ளும். அக்குள் கட்டையை ஊன்றிக்கொண்டு அவரால் அங்கே போக முடியாது. ஒரு தரம் என் தம்பி அவரை மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார வைத்து, நழுவிவிடக் கூடாது என்று துண்டால் தன்னோடு சேர்த்துக் கட்டிக் கூட்டிப் போனான். பாதி வழியில் இறக்கிவிடச் சொல்லித் திரும்பி வந்துவிட்டார். "மூட்ட மாரி என்ன ஏத்தாதீங்க" என்றார். அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு, "என் நெலத்துக்கு நானா போவ முடியல. நான் இருந்து இன்னா, போய் இன்னா" என்றார். விடிந்ததும் முதல் வேலையாகப் பூச்சி மருந்து டப்பாவை எடுத்துப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்து வைத்தேன்.

அப்படிக் கிடந்த மனுஷன்தான் இப்போது கையில் ஸ்பானரோடு சிரிக்கிறார். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. அதே லாரி, அதே என்ஜின், மறுபடி இவர் அதன் மேல் ஏறப் போகிறார் என்பது மட்டும்தான் என் மண்டையில் ஓடியது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, இங்கே சொல்கிறேன்: வண்டி வேலை நடந்த நாலு மாதமும் நான் விளக்கேற்றும்போதெல்லாம், "ஆத்தா, இது ஓடக் கூடாது" என்றுதான் கும்பிட்டேன். வீட்டிலேயே கிடந்தாலும் பரவாயில்லை, கண்ணுக்கு முன்னால் உயிரோடு கிடக்கட்டும் என்று நினைத்தேன்.

பாய் வாரம் இரண்டு நாள் மலை ஏறி வருவார். வெல்டிங் போடும்போது எங்கள் வீட்டில் பல்பு மங்கும், பக்கத்து வீட்டில் டிவி நின்றுபோகும், அக்கா வாசலில் நின்று திட்டுவார். பாய் சலாம் போட்டு இன்னொரு குச்சி வெல்டிங் வைப்பார். கிளட்சை இடது காலால் மிதிக்கலாம், அதற்குக் கால் இருக்கிறது. ஆக்சிலேட்டரை மோட்டார் சைக்கிள் மாதிரி வலது கைப்பிடியில் முறுக்குகிற மாதிரி வைத்தார்கள். பிரேக்குக்குத்தான் யோசித்தார்கள். கடைசியில் வலது முட்டிக்குப் பக்கத்தில் ஒரு நெம்புகோல். கையால் பின்னால் இழுத்தால் பிரேக். அதற்கு என் வீட்டுக்காரரே சிவப்புப் பெயிண்ட் அடித்தார். இரண்டு கோட்டு அடித்தார்.

எல்லாம் பூட்டிப் பார்த்தால் வண்டி உயரமாகப் போய்விட்டது. ஒரு காலால் ஏற முடியவில்லை. இரண்டு பேரும் ஒரு நாள் முழுக்கத் தலையைச் சொறிந்தார்கள். அப்புறம் பின்பக்க அச்சைக் கழற்றி, தலைகீழாகப் புரட்டி மாட்டினார்கள். அப்படி மாட்டினால் ஸ்பிரிங் பட்டை அச்சுக்கு மேலே இல்லாமல் கீழே வந்துவிடும், வண்டி தானாகத் தாழ்ந்துவிடும். தாழ்ந்தது. என் வீட்டுக்காரர் தாவி ஏறி சீட்டில் உட்கார்ந்தார். பழைய லாரியின் டிரைவர் சீட்டு அது.

பாய்க்கு அப்போதே ஓட்டிப் பார்த்துவிட ஆசை. "கல்லு மேல தூக்கி வெச்சி சும்மா கியர் போட்டுப் பாத்துடலாம் தம்பி" என்றார்.

நான்தான் பாய்ந்தேன். "பூச போடாம சக்கரம் ஒரு சுத்து சுத்தக் கூடாது. தூக்கி வெச்சும் கூடாது, தள்ளியும் கூடாது. ஒரு தரம் ரத்தம் குடிச்ச வண்டி இது. ஆமாம், சொல்லிட்டேன்!"

இரண்டு பேரும் என் வாய்க்குப் பயந்து விட்டுவிட்டார்கள். என் வாய் எங்கள் ஊரில் பிரசித்தம். என்ஜினை மட்டும் போட்டுப் பார்த்தார்கள், கியரில் கை வைக்கவில்லை. பாய், "உங்க சாமி, உங்க வண்டி" என்று சொல்லிவிட்டு மெஷினைக் கட்டினார்.

வெள்ளிக்கிழமை காலை பூசை. வண்டிக்குச் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. மூன்று சக்கரத்துக்கும் முன்னால் மூன்று எலுமிச்சம்பழம். எங்கள் பக்கத்தில் புது வண்டி முதல் முதலாகக் கிளம்பும்போது எதிரே ஒருவரும் நிற்கக் கூடாது. வழி திறந்து கிடக்க வேண்டும், பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டி தடையில்லாமல் போக வேண்டும். அதனால் வேடிக்கை பார்க்க வந்த பத்துப் பன்னிரண்டு பேரையும் நானே விரட்டி விரட்டி வண்டிக்குப் பின்னால் நிறுத்தினேன். முன்பக்கம் எட்டிப் பார்த்த அக்காவை, "ஏன்க்கா, அவரு போற வழிய மறிக்கிறியே" என்று கையைப் பிடித்து இழுத்து என் பக்கத்தில் நிறுத்திக்கொண்டேன். கற்பூரத் தட்டோடு எல்லாருக்கும் முன்னால், வண்டியின் முதுகுக்கு நாலு முழம் தள்ளி நான் நின்றேன். என் பின்னால் பலா மரம்.

என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார், தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தார். ஆத்தா, ஓடக் கூடாது என்று அப்போதும் என் வாய் முணுமுணுத்தது. சாவியைத் திருப்பினார். கிளட்சை மிதித்து முதல் கியர் போட்டார். காலை விட்டார்.

வண்டி பின்னால் வந்தது.

நான் அசையவே இல்லை. எனக்குப் புரியவில்லை. முன்னால் போக வேண்டிய வண்டி ஏன் பெரிதாகிக்கொண்டே வருகிறது என்று பார்த்துக்கொண்டு மரம் மாதிரி நின்றேன். "ஐயோ, வருதுடி!" என்று அக்கா கத்தினார். கூட்டம் நாலாப் பக்கமும் சிதறியது. நான் பின்னால் ஓடத் திரும்பினேன், புடவை தடுக்கி விழுந்தேன். தட்டு எங்கேயோ பறந்தது.

விழுந்த இடத்திலிருந்து பார்த்தேன். அதை என்னால் சாகும்வரை மறக்க முடியாது. என் வீட்டுக்காரர் கழுத்தைத் திருப்பி என்னைப் பார்க்கிறார். வாய் திறந்திருக்கிறது, சத்தம் வரவில்லை. அவருடைய வலது தொடை எழும்பி எழும்பி இறங்குகிறது. மடித்த லுங்கி நுனி காற்றை மிதிக்கிறது. மூன்று தரம், நாலு தரம், பலங்கொண்ட மட்டும். பிரேக்கை மிதிக்கிறார். இல்லாத காலால் மிதிக்கிறார். இரண்டு கோட்டு சிவப்புப் பெயிண்ட் அடித்த நெம்புகோல் அவர் முட்டிக்குப் பக்கத்திலேயே நிற்கிறது, அது அவர் நினைவிலேயே இல்லை. வலது கை பயத்தில் கைப்பிடியை இறுக்கிப் பிடித்து முறுக்க, வண்டி இன்னும் வேகம் எடுத்தது.

நான் உருண்டேன். சக்கரம் என் புடவை முந்தானை மேல் ஏறியது. பின்பக்கச் சட்டம் பலா மரத்தில் முட்டி, என்ஜின் இரண்டு உதறு உதறி அணைந்தது. என் காலுக்கும் டயருக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை.

யா அல்லா, யா அல்லா என்று பாய் தலையில் கை வைத்துக்கொண்டு சொல்லிக்கொண்டிருந்தார். தொப்பென்று ஒரு சத்தம் கேட்டது. என் வீட்டுக்காரர் சீட்டிலிருந்து கீழே விழுந்திருந்தார். ஊன்றக் கட்டை கேட்கவில்லை, பிடித்துக்கொள்ள யார் கையும் கேட்கவில்லை. வெள்ளைச் சட்டையோடு, இரண்டு கையையும் ஊன்றி, வெட்டுப்பட்ட காலை மண்ணில் இழுத்துக்கொண்டு தவழ்ந்து வந்தார். கிட்டத்தட்ட இரண்டு வருடமாக என்னைக்கூட அந்தக் காலைப் பார்க்க விடாதவர். லுங்கி விலகிப் போனதுகூட அவருக்குத் தெரியவில்லை.

"உன் காலு? காலு போச்சாடி? காட்டு, காட்டு!" என்று என் இரண்டு காலையும் தடவித் தடவிப் பார்த்தார்.

"ஒண்ணும் ஆவலங்க. பொடவதான் மாட்டிக்கிச்சி."

"மிதிச்சேன்டி," என்றார். "மிதிச்சேன். புடிக்கல." சொல்லிவிட்டு என் கால் மேலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். ஆஸ்பத்திரியில் அழவில்லை, வீட்டுக்கு வந்த நாளில் அழவில்லை, அன்றைக்கு அழுதார்.

பாய் நாலு பேரைச் சேர்த்து வண்டியைத் தூக்கிக் கல் மேல் வைத்தார். என்ஜினைப் போட்டுக் கியர் போட்டார். சக்கரம் பின்பக்கமாகச் சுற்றியது. ஒவ்வொரு கியராகப் போட்டார். நாலு கியரும் பின்னால். ரிவர்ஸ் போட்டால் முன்னால். "அச்ச பொரட்டிப் போட்டம் இல்ல, உள்ள இருக்கற பல்லுச் சக்கரமும் பக்கம் மாறிடுச்சி. எனக்குப் புத்தி எங்க போச்சி?" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். கல் மேல் தூக்கி வைத்துப் பார்க்கலாம் என்று முதலில் சொன்னவர் அவர்தான். கூடாது என்று குதித்தவள் நான். எதிரே நிற்காதீர்கள் என்று அத்தனை பேரையும் சக்கரத்துக்கு நேராக நிறுத்தியவளும் நான். அன்றைக்கு அங்கே யாராவது செத்திருந்தால் என் வாயால்தான் செத்திருப்பார்கள்.

என் வீட்டுக்காரர் மண்ணிலேயே உட்கார்ந்திருந்தார். வண்டியைப் பார்க்கவில்லை. "பாய், எடுத்துக்கினு போய்டுங்க," என்றார். "எடைக்குப் போட்டுடுங்க. எனக்கு ஒடம்பே சொன்னத கேக்கல, வண்டி எங்க கேக்கும்."

பாய் என்னைப் பார்த்தார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நாலு மாதமாக நான் ஆத்தாவிடம் கேட்டது, கேட்டபடியே கைக்கு வந்துவிட்டது. தலையை ஆட்டினால் போதும். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தேன். தட்டைத் தள்ளிவிட்ட ராத்திரியில் பார்த்த அதே முகம். இந்தத் தடவை எனக்குப் பயம் வரவில்லை, கோபம் வந்தது. எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை.

"யாரு வண்டிய யாரு எடுத்துக்கினு போறது?" என்று கத்தினேன். கிழிந்த முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தேன். "என் மேல வண்டிய விட்டவரு வாணாம்னு சொல்லலாம், அதுக்குக் கீழ விழுந்தவ நான் சொல்றேன். பாய், அந்தச் சனியன் புடிச்ச அச்ச கழட்டி நேரா மாட்டு. பட்ட வெக்கறதுக்குக் கீழ புதுசா எடம் பண்ணி வெல்டிங் வை. தலகீழா பொரட்டற சோம்பேறித்தனமெல்லாம் என் வூட்ல வாணாம்!"

பாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தங்கச்சி, நீ எங்க வெல்டிங் கத்துக்கின?" என்றார்.

"நாலு மாசமா இந்த எழவத்தான பாத்துக்கினு கீறேன்!"

அச்சை நேராக மாட்டி முடிக்கப் பத்து நாள் ஆயிற்று. இந்தத் தடவை கல் மேல் தூக்கி வைத்து, நானே பக்கத்தில் நின்று நாலு கியரும் போட்டுக் காட்டச் சொன்னேன். சரியாகச் சுற்றியது. ஆனால் சாவியை நான் கொடுக்கவில்லை. அதை என் தாலிச் சரட்டில் கோத்துக்கொண்டேன். "வண்டி சரியாய்டுச்சி. நீங்க சரியாவல. இல்லாத கால நம்பி இனிமே உங்கள அனுப்ப மாட்டேன்" என்றேன்.

கட்டிலுக்கு வலது பக்கம் ஒரு கழியை நட்டோம், நெம்புகோல் இருக்கிற அதே தூரத்தில், அதே உயரத்தில். அவர் சாப்பிடும் இடத்தில் ஒன்று, சவரம் பண்ணும் இடத்தில் ஒன்று. நான் நினைத்தபோதெல்லாம் "பிரேக்!" என்று கத்துவேன். அவர் கழியைப் பின்னால் இழுக்க வேண்டும். முதல் வாரம் ஒவ்வொரு தரமும் தொடைதான் முந்திக்கொண்டு துள்ளியது, கை அப்புறம்தான் போயிற்று. சோற்றுக் கையோடு இழுத்து ரசத்தைக் கவிழ்த்தார். சவரத்தில் தாடையைக் கிழித்துக்கொண்டார். அவர் தூங்கும்போது கத்தினேன், கழியை இழுத்த இழுப்பில் கட்டிலே ஆடியது. "புருசனும் பொண்டாட்டியும் வூட்ல பஸ்சு ஓட்றாங்க" என்று அக்கா ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். அவர் கையைப் பார்ப்பதை விட்டுவிட்டு, லுங்கிக்குள் அந்தத் தொடையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் வாரம் கையும் தொடையும் சேர்ந்து போயின. அப்புறம் கை முந்தியது, தொடை லேசாகத் துடித்தது.

ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை. அவர் சாப்பிடும் இடத்துக் கழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தார். நான் பின்னால் வந்து, "பிரேக்!" என்றேன். கை போயிற்று. லுங்கி அசையவில்லை. கொஞ்சம் பொறுத்து மறுபடி கத்தினேன். அசையவில்லை. அடுப்பங்கரையிலிருந்து கத்தினேன், கிணற்றடியிலிருந்து ஓடி வந்து கத்தினேன், காதுக்குப் பக்கத்தில் கத்தினேன். கை மட்டும்தான் போயிற்று.

"பாத்தியாடி!" என்று குதூகலமாகச் சிரித்தார். "கை மட்டுந்தான் போவுது! சாவிய எடுடி!"

கொடுத்தேன். தாவி ஏறினார். வண்டி முன்னால் போயிற்று, வாசல் தாண்டியது, அவர் சிவப்பு நெம்புகோலை இழுத்து நிறுத்திக் காட்டினார், மறுபடி விட்டார். நிலத்துக்குப் போகிற மண் பாதையில் தனியாக ஏறி, மேட்டுக்கு அந்தப் பக்கம் இறங்கினார். சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

நான் புளி கிடந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். இரண்டு வருடமாக அந்தக் கால் அவருக்கு இருந்தது. தூக்கத்தில் அசைந்தது, அரித்தது, என்னைக் காப்பாற்ற எழும்பி எழும்பி மிதித்தது. ஆஸ்பத்திரியில் வெட்டியும் போகாத காலை நான் ஒரு மாதம் கத்திக் கத்தி விரட்டிவிட்டேன். வாய்விட்டு அழுதேன்.

அக்கா வேலியைத் தாண்டி ஓடி வந்தார். "இன்னாடி ஆச்சு? வண்டி கவுந்துடுச்சா?"

"இல்லக்கா," என்றேன். "நல்லா ஓடுது."